தலைவர் வராத மாநாடு

மரபியல் ஆராய்ச்சியாளர்களின் கருத்தரங்கு நடைபெறும், பேராசிரியர்கள் உரையாற்றுவார்கள், ஆய்வு மாணவர்கள் கட்டுரை படிப்பார்கள். பல்கலைக் கழகங்களின் அறிவிப்புப் பலகைகளில் ஆண்டுதோறும் தொங்கும் அறிவிப்பு இது. அந்த வழியாகப் போகும் பாட்டாளி அதை நின்று படிப்பதில்லை. "படித்தவர்கள் கூடுகிறார்கள், பேசுகிறார்கள், காப்பி குடித்துவிட்டுக் கலைகிறார்கள், இதில் நமக்கென்ன?" என்று நடையைக் கட்டுகிறான்.

நமக்கென்ன என்று கேட்கலாமா, தோழர்களே? அந்த மண்டபத்துக்குள்ளே அவர்கள் பேசுவது எதைப் பற்றி? பிறப்பைப் பற்றி! தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைக்கு எது வருகிறது, எது வருவதில்லை என்பதைப் பற்றி! "நீ இன்னாருக்குப் பிறந்தவன், ஆகவே உன் தகுதி இவ்வளவுதான்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்கள் நாம். பிறப்பை எடைபோடும் தராசு எங்கே செய்யப்படுகிறதோ, அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டிய முதல் ஆளே நாம்தான்.

மாநாடு என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. மேடையில் பேசுபவர் மட்டும் மாநாடு ஆகார். கீழே உட்கார்ந்திருப்பவன் எழுந்து, "தலைவர் அவர்களே, அந்தக் கணக்கு எப்படி வந்தது?" என்று கேட்க முடிந்தால்தான் அது மாநாடு. கேட்க முடியாவிட்டால் அது கச்சேரி. இந்த ஓர் உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு மரபியலாரின் சில மாநாடுகளை உரசிப் பார்ப்போம்.

பட்டாணி சொன்ன பாடம்

1865-ஆம் ஆண்டு, பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரண்டு நாட்களில், இன்று செக் நாட்டில் உள்ள பர்னோ நகரத்து இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் ஒரு துறவி பேசினார். பெயர் கிரிகோர் மெண்டல். மடத்துத் தோட்டத்தில் பல ஆண்டுகள் பட்டாணிச் செடிகளை ஒன்றோடொன்று கலந்து வளர்த்து, நெட்டை எத்தனை, குட்டை எத்தனை, பச்சை எத்தனை, மஞ்சள் எத்தனை என்று எண்ணிக் கணக்கெழுதியவர். குணங்கள் பாலும் தண்ணீருமாகக் கலந்து கரைந்துபோவதில்லை. தனித்தனிக் கூறுகளாகத் தலைமுறை தாண்டி வருகின்றன என்பது அவர் கண்ட உண்மை. ஒரு தலைமுறையில் மறைந்திருப்பது அடுத்த தலைமுறையில் தலைகாட்டும் என்பதும் அதில் அடக்கம்.

கேட்டார்கள், கலைந்தார்கள், மறந்தார்கள். 1884-இல் மெண்டல் மறைந்தார். 1900-ஆம் ஆண்டில்தான் உலகம் அவர் கட்டுரையைத் தூசி தட்டி எடுத்தது. 1906-இல் லண்டனில் கூடிய மாநாட்டில் வில்லியம் பேட்சன் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் இந்தப் புதிய கல்விக்குப் பெயர் சூட்டினார். நாம் இன்று மரபியல் என்று சொல்வது அதைத்தான்.

பிறப்பைத் தராசில் வைத்தவர்கள்

உண்மை கிடைத்ததும் உத்தமர்கள் மட்டுமா ஓடி வருவார்கள்? ஆதிக்கக்காரனும் வந்தான். "ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான்? அவன் இரத்தம் அப்படி! பணக்காரன் ஏன் பணக்காரனாக இருக்கிறான்? அவன் வித்து அப்படி!" என்றான். இதற்கு இனமேம்பாடு என்று பெயர் வைத்தார்கள். 1912-இல் லண்டனிலே இதற்காக ஓர் உலக மாநாடே கூடியது. பிரபுக்கள் வந்தார்கள், பேராசிரியர்கள் வந்தார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ, அந்தச் சேரிக்காரனுக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் அந்த மண்டபத்தில் இடமில்லை.

மாநாட்டுப் பேச்சு மண்டபத்தோடு நின்றதா? அமெரிக்காவில் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் செய்தன. "மந்த புத்திக்காரர்", "தகுதியற்றவர்" என்று முத்திரை குத்தி, பிள்ளை பெறாதபடி அறுவை செய்தார்கள். அந்தச் சட்டம் செல்லும் என்று 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்த நாட்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி அறுக்கப்பட்டனர். 1933-இல் ஹிட்லரின் ஜெர்மனி இதே சட்டத்தைக் கையில் எடுத்தது. ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் அந்தக் கத்திக்கு ஆளாயினர். அதற்குப் பிறகு வந்த கொலைக்களங்களை உலகம் அறியும்.

பிறப்பால் தகுதி என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எடின்பரோ, 1939

இந்த இருட்டுக்கு நடுவில்தான் மரபியலாரின் ஏழாவது உலக மாநாடு வந்தது. முதலில் அது 1937-இல் மாஸ்கோவில் கூடுவதாக இருந்தது. சோவியத் அரசு அதை நடத்தவிடவில்லை. பிறகு ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ பல்கலைக் கழகம் ஏற்று, 1939 ஆகஸ்டு 23-இல் மாநாடு தொடங்கியது. அதே ஆகஸ்டு 23-இல் ஹிட்லரின் ஆட்சியும் சோவியத் ஆட்சியும் மாஸ்கோவில் உடன்படிக்கை செய்துகொண்டன. போர் வாசலில் நின்றது. ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் மூட்டை கட்டினர். பிறகு ஒவ்வொரு நாட்டாராகப் புறப்பட்டனர். செப்டம்பர் 3-இல் பிரிட்டன் போரில் இறங்கியது.

அந்த மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர் நிகோலாய் வாவிலோவ் என்ற சோவியத் விஞ்ஞானி. அவர் வரவில்லை. வரவிடவில்லை. அவர் நாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளரும் வரவில்லை. அந்தப் பல்கலைக் கழகத்து விலங்கு மரபியல் நிலையத்தின் தலைவர் கிரூ, வாவிலோவுக்காகத் தைத்த அங்கியைத் தாம் அணிந்துகொள்ள நேர்ந்ததே என்ற மனச்சங்கடத்தோடுதான் தலைமை ஏற்றார்.

அந்த எடின்பரோ நிலையத்தில் அப்போது இருந்தவர்களைப் பாருங்கள். ஹெர்மன் முல்லர் இருந்தார். எக்ஸ் கதிர் பட்டால் மரபணு மாறும் என்று 1927-இல் உலகுக்குக் காட்டிய அமெரிக்கர். சோவியத் நாட்டை நம்பிப் போய் உழைத்து, அங்கே மரபியலின் குரல்வளை நெரிக்கப்படுவதைக் கண்டு 1937-இல் வெளியேறியவர். ஷார்லட் அவர்பாக் என்ற பெண்மணி இருந்தார். பெர்லினில் ஆசிரியையாக இருந்தவர். யூதக் குடும்பத்தில் பிறந்தார் என்ற ஒரே குற்றத்துக்காக 1933-இல் வேலையைப் பறிகொடுத்து அடைக்கலம் தேடி வந்தவர். இரசாயனப் பொருளும் மரபணுவை மாற்றும் என்பதைப் பின்னாளில் கண்டறிந்து நிலைநாட்டியவர்களில் முன்னணியில் நிற்பவர் அந்த அம்மையார். பிறப்பைச் சொல்லித் துரத்தினார்கள். பிறப்பின் இரகசியத்தையே ஆராய்ந்து அவர் பதில் சொன்னார்!

ஒரு கேள்வியும் ஒரு பதிலும்

உலக மக்களின் மரபை மேம்படுத்தச் சிறந்த வழி எது? அமெரிக்காவிலிருந்து ஒரு விஞ்ஞானச் செய்தி நிறுவனம் மரபியலாரைக் கேட்ட கேள்வி இது. 1912-இல் லண்டனில் கூடியவர்களிடம் கேட்டிருந்தால் கத்தியைக் காட்டியிருப்பார்கள். எடின்பரோவில் வேறு பதில் வந்தது. முல்லர் முன்னின்று எழுத, ஹால்டேன், ஹக்ஸ்லி, ஹாக்பென், நீதம், கிரூ முதலான பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் கையொப்பமிட்டனர். 1939 செப்டம்பர் 16-இல், போர் தொடங்கிய இரண்டாம் வாரத்தில், 'நேச்சர்' இதழில் அது வெளியாயிற்று.

அதன் சாரம் இது. எல்லாருக்கும் ஏறத்தாழச் சமமான வாய்ப்பைக் கொடு. கொடுத்த பிறகு யார் திறமைசாலி என்று பேசு. பிறக்கும்போதே ஒருவனை மேல்வகுப்பிலும் ஒருவனைக் கீழ்வகுப்பிலும் தள்ளிவிட்டு, பிறகு இரண்டு பேரையும் நிறுத்து எடைபார்ப்பது மோசடி. இனத்துக்கு இனம், நாட்டுக்கு நாடு பகை மூட்டும் பொருளாதார, அரசியல் ஏற்பாடுகளை ஒழி. பிள்ளை பெறும் தாய்க்கு வேலைப் பாதுகாப்பு, மருத்துவ உதவி, குடியிருக்க வீடு, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைக் கொடு. எத்தனை பிள்ளை, எப்போது என்று முடிவு செய்ய அவளுக்கு உரிமை வேண்டும்.

கோரிக்கைப் பட்டியல் போல இருக்கிறதா? ஆம்! தொழிற்சங்க மேடையில் கேட்கும் கோரிக்கைகள் மரபியல் ஆய்வாளர்களின் அறிக்கையில் இருக்கின்றன. அவர்களில் சிலர் இடதுசாரிகள் என்பது உண்மைதான். ஆனால் வாதத்தின் வலு அதில் இல்லை, கணக்கில் இருக்கிறது. கட்டாந்தரையில் விதைத்த நெல்லையும் நன்செய்யில் விதைத்த நெல்லையும் ஒப்பிட்டு, "இந்த விதை மட்டம், அந்த விதை உயர்வு" என்று தீர்ப்புச் சொல்வானா எந்த விவசாயியாவது? மனிதனுக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு எப்படி நியாயமாகும்?

அந்த அறிக்கையில் இன்று நாம் ஏற்க முடியாத நம்பிக்கைகளும் உண்டு. விருப்பத்தோடு செய்தால் மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம் என்ற ஆசை அதில் எட்டிப் பார்க்கிறது. அந்த ஆசையைத் தள்ளுவோம். சமவாய்ப்பு இல்லாமல் தகுதி பேசாதே என்ற வாதத்தை ஏற்போம்.

வாவிலோவ் எங்கே?

தலைவர் ஏன் வரவில்லை? இது நமக்குக் கசப்பான கதை. கசப்பு என்பதற்காகத் துப்பிவிட முடியாது.

வாவிலோவ் உலகெங்கும் அலைந்து, எங்கெங்கே எந்தப் பயிர் முதலில் விளைந்தது என்று தேடியவர். லெனின்கிராடு நகரத்து நிலையத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சேர்த்து வைத்தவர். அவர் நோக்கம் ஒன்றே: பஞ்சம் ஒழிய வேண்டும்.

அவருக்கு எதிரே வந்து நின்றார் டிராஃபிம் லைசென்கோ. விதையைக் குளிரில் வைத்துப் பழக்கினால் அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் இறங்கும். கோதுமையை நாம் விரும்பியபடி மாற்றிவிடலாம் என்றார். மெண்டல் சொன்னது முதலாளித்துவப் பொய் என்றார். சோதனை எங்கே, கணக்கு எங்கே என்று கேட்டவர்களை மக்கள் விரோதிகள் என்றார். அவர் உழவர் வீட்டுப் பிள்ளை. "வெறுங்கால் விஞ்ஞானி" என்று பத்திரிகை அவரைப் போற்றியது. 1935-இல் கூட்டுப் பண்ணை உழவர் மாநாட்டில் அவர் பேசியபோது, "பலே, தோழர் லைசென்கோ!" என்று பாராட்டியவர் ஸ்டாலின்.

அப்புறம் யார் கேள்வி கேட்பார்கள்?

1940 ஆகஸ்டில் வாவிலோவ் கைது செய்யப்பட்டார். மரண தண்டனை விதித்துப் பிறகு இருபதாண்டுச் சிறையாக மாற்றினர். 1943 ஜனவரி 26-இல் சாராடோவ் சிறையில் அவர் உயிர் பிரிந்தது. உலகத்தின் பசி தீர விதை சேர்த்த மனிதர் சிறையில் உணவின்றி உருக்குலைந்து செத்தார். அதே காலத்தில் ஹிட்லரின் படை லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தது. நகரமே பட்டினி கிடந்தது. அவருடைய நிலையத்து ஊழியர்கள் விதை மூட்டைகளுக்குக் காவல் இருந்தனர். அரிசிச் சேகரிப்பைக் காத்த திமித்ரி இவானோவ் பசியால் மாண்டார். அவரைச் சுற்றி அரிசிப் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. நாளைய விதைப்புக்கு என்று வைத்ததை இன்றைய பசிக்கு எடுக்கவில்லை! உழைப்பாளியின் நேர்மைக்கு இதைவிட உயர்ந்த சின்னம் எங்கே தேடுவது?

கதை அங்கேயும் முடியவில்லை. 1948 ஜூலையில் எட்டாவது உலக மாநாடு ஸ்டாக்ஹோமில் முல்லர் தலைமையில் கூடியது. சோவியத் ஆராய்ச்சியாளர் அங்கும் இல்லை. அதே மாதக் கடைசியில் மாஸ்கோவில் வேளாண்மை விஞ்ஞானக் கழகத்தின் கூட்டம் தொடங்கியது. விவாதம் என்று அழைத்தார்கள். இறுதி நாளில் லைசென்கோ எழுந்து, தம் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று அறிவித்தார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மெண்டல் பக்கம் பேசிய மூவர் எழுந்து தங்கள் கருத்தைக் கைவிட்டனர். போர்முனையில் ஒரு கண்ணை இழந்த வீரர் ராப்பபோர்ட் மரபியலுக்காகப் பேசினார், பின்வாங்க மறுத்தார். கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், வேலையை இழந்தார். பாடநூல்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆராய்ச்சிக்கென வளர்த்த ஈக்கள் அழிக்கப்பட்டன. ஆராய்ச்சியாளர்கள் தெருவில் நின்றனர். 1965-இல்தான் லைசென்கோவின் பிடி முற்றிலும் தளர்ந்தது. கோதுமை மட்டும் எந்தத் தீர்மானத்துக்கும் கட்டுப்படவில்லை. தன் இயல்புப்படியே விளைந்தது.

எடின்பரோ அறிக்கையில் கையொப்பமிட்ட ஹால்டேன் பிரிட்டிஷ் பொதுவுடைமைக் கட்சிக்காரர். அக்கட்சி நாளேட்டின் ஆசிரியர் குழுத் தலைவராகவும் இருந்தவர். மரபியலில் அவருக்குத் தெரியாதது இல்லை. அவரே லைசென்கோ விஷயத்தில் வாய்திறந்து கண்டிக்கத் தயங்கினார். அமைப்பின்மீது பற்றுள்ளவனுக்கு நேரும் சோதனை அது. பிறகு கட்சியிலிருந்து விலகினார். 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இங்கேயே குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

பிறப்பால் உண்மை இல்லை

இங்கேதான் நாம் ஊன்றி நோக்க வேண்டும், தோழர்களே. பிரபு வீட்டுப் பிள்ளை சொல்வதால் ஒன்று உண்மையாகிவிடாது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். உழவர் வீட்டுப் பிள்ளை சொல்வதாலும் ஒன்று உண்மையாகிவிடாது என்பதை மறந்தார்கள். அதன் விலைதான் சாராடோவ் சிறை. பிறப்பால் உயர்வு இல்லை என்றால், பிறப்பால் உண்மையும் இல்லை. சொன்னவன் யார் என்று பார்த்துக் கைதட்டினால், மனு எழுதியவனுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? சொன்னது நிற்கிறதா என்று சோதித்துக் கைதட்டுவதுதான் பகுத்தறிவு.

அப்படியானால் விஞ்ஞானியை அவன் போக்கில் விட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிடுவதா? கூடாது. அதற்கும் ஒரு மாநாட்டுக் கதை உண்டு.

மேயர் கேட்ட கேள்வி

1970-களில் ஓர் உயிரின் மரபணுவை வெட்டி இன்னோர் உயிரில் ஒட்டும் வித்தை கைவந்தது. விஞ்ஞானிகளே அஞ்சினர். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடி, எந்தச் சோதனையை எந்தப் பாதுகாப்போடு செய்வது என்று வரையறுத்தனர். நல்ல காரியம். ஆனால் வெட்டி ஒட்டும் கூடம் எந்தத் தெருவில் வருமோ, அந்தத் தெருக்காரனை யாரும் கேட்கவில்லை.

1976-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஹார்வர்டு பல்கலைக் கழகம் அப்படி ஒரு கூடம் அமைக்க முற்பட்டது. நகர மேயர் ஆல்பிரட் வெலுச்சி விஞ்ஞானிகளை நகர மன்றத்துக்கே அழைத்தார். "இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். உங்கள் எழுத்துக் குறிகள் எங்களுக்குப் புரியாது; புரியும்படி சொல்லுங்கள்" என்ற கருத்துப்படப் பேசினார். விஞ்ஞானிகள் இரு தரப்பாக நின்று வாதிட்டனர். சோதனை சில மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. நகர மக்களிலிருந்து ஒரு குழு அமைத்தார்கள். அதில் எரியெண்ணெய் வணிகர் ஒருவர், செவிலியர் பணி செய்த கன்னியாஸ்திரீ ஒருவர் என்று இருந்தார்களே தவிர, மரபணு வெட்டும் விஞ்ஞானி ஒருவர்கூட இல்லை.

"கூலிக்காரனுக்கு என்ன தெரியும்?" என்று ஏளனம் செய்தவர்கள் இருக்கலாம். அந்தக் குழு நூறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கேட்டது, படித்தது, குறுக்குக் கேள்வி போட்டது. 1977 தொடக்கத்தில் தீர்ப்புச் சொன்னது: சோதனை நடக்கட்டும், ஆனால் இன்னின்ன கூடுதல் பாதுகாப்போடு நடக்கட்டும். நகர மன்றம் அதைச் சட்டமாக்கியது. விஞ்ஞானம் செத்ததா? இல்லை. உயிரியல் தொழில் செழிக்கும் நகரங்களில் இன்று முன்வரிசையில் நிற்பது அதே கேம்பிரிட்ஜ்.

மாஸ்கோவில் விடை முதலிலேயே எழுதப்பட்டிருந்தது. கேம்பிரிட்ஜில் கேள்விதான் முதலில் வந்தது. இரண்டுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

தொழிலாளியின் இரத்தம்

கேட்காமல் இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே என்ற பெரிய ரயில் கம்பெனி. தண்டவாளத்தில் வேலை செய்து மணிக்கட்டு நரம்பு நோவுக்கு ஆளான தொழிலாளர்கள் நஷ்டஈடு கேட்டனர். கம்பெனி அவர்கள் இரத்தத்தை எடுத்தது. அவர்களுக்குச் சொல்லாமலே அதில் மரபணுச் சோதனை நடத்தியது. எதற்கு? "இந்த நோவு எங்கள் வேலையால் வரவில்லை, உன் பிறவியால் வந்தது" என்று கைகழுவ ஓர் ஆதாரம் கிடைக்குமா என்று பார்ப்பதற்கு! 2001-இல் சமவேலைவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட்டது. கம்பெனி சோதனையை நிறுத்தியது. 2002-இல் 22 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. மரபணுவைக் காட்டி வேலையிலோ மருத்துவக் காப்பீட்டிலோ பாகுபாடு செய்யக்கூடாது என்று 2008-இல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது.

1912-இல் பிரபுக்கள் சொன்னதும் 2001-இல் கம்பெனி தேடியதும் ஒரே சொல்தான்: உன் துன்பத்துக்குக் காரணம் உன் பிறப்பு. சம்மட்டி தூக்கியவனின் மணிக்கட்டு ஏன் நொந்தது என்று மரபணுவைக் கேட்பவன், சம்மட்டியைக் கேட்கவில்லை!

கதவு திறந்திருக்கிறது

1937-இல் மறுக்கப்பட்ட மரபியல் மாநாடு 41 ஆண்டுகள் கழித்து, 1978-இல், மாஸ்கோவிலேயே கூடியது. அதற்கடுத்த மாநாடு 1983 டிசம்பரில் புதுதில்லிக்கு வந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் அதற்குத் தலைவர். பூட்டிய கதவு திறக்கும். ஆனால் வாவிலோவ் போன்றவரை அது திருப்பித் தராது.

கேள்வி கேட்கும் மாநாடு இன்றும் வேலை செய்கிறது. 2018 நவம்பரில் ஹாங்காங்கில் கூடிய மரபணுத் திருத்த மாநாட்டில், மரபணு திருத்திய இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டதைச் சீன ஆராய்ச்சியாளர் ஹே ஜியான்குய் மேடையேறி விளக்கினார். கைதட்டலுக்குப் பதில் கேள்விக் கணைகள் வந்தன. யார் அனுமதி கொடுத்தார்? பெற்றோருக்கு என்ன சொன்னீர்? என்ன தேவை வந்தது? அடுத்த ஆண்டு இறுதியில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

ஆகவே, அடுத்த முறை பல்கலைக் கழகத்து அறிவிப்புப் பலகையில் மரபியல் கருத்தரங்கு என்று கண்டால், நின்று படியுங்கள். பொதுமக்களுக்கு இடமுண்டு என்றால் உள்ளே போய் உட்காருங்கள். பாதி புரியாது, பரவாயில்லை, கேம்பிரிட்ஜ் எண்ணெய் வணிகருக்கும் முதல் நாள் புரிந்திருக்காது. பிள்ளையை அழைத்துப் போங்கள். அவனுக்கு முக்கால் புரியும். எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள். "ஐயா, இதை எப்படிச் சோதித்தீர்கள்?" என்பது ஒன்று. "இதனால் யாருக்கு நன்மை, யார் தலையில் சுமை?" என்பது மற்றொன்று.

முதல் கேள்வியை மறந்த இடத்தில் லைசென்கோ முளைத்தான். இரண்டாம் கேள்வியை மறந்த இடத்தில் ஹிட்லரின் கத்தி முளைத்தது. இரண்டையும் கேட்கத் தெரிந்தவன் எந்த மண்டபத்திலும் தலைநிமிர்ந்து உட்காரலாம். அவன் யாருக்குப் பிறந்தவன் என்று கேட்க எவனுக்கும் துணிவு வராது.